அன்னதானத்துக்கு வந்த கரி

ஐயா,

நீ இருக்கிற கூலிமிலிருந்து நம் புக்கிட் செலம்பாவுக்கு மோட்டார் சைக்கிளில் வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அம்மா இந்தக் கெடா மாநிலத்திலேயே, ஏன் மலேசியாவிலேயே, நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்வது? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. தீமிதி முடிந்ததிலிருந்து நீ வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் பேசி முடித்த பிள்ளை நீ. பத்திரிகை அச்சடித்து வந்து மேசைமேல் கிடக்கிறது, அதன் மூலையில் மஞ்சள் தடவக்கூட உனக்கு நேரமில்லை. முதல் பத்திரிகையை மாரியம்மன் காலடியில் வைக்க வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்திருந்தோம். அதே வெள்ளிக்கிழமைதான் நம் பக்கத்து வீட்டுச் சரசுவை அதே அம்மன் முன்னால் நிறுத்தி, ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்க வைக்கப்போகிறார்கள். தீமிதியில் கால் வெந்ததற்காக மன்னிப்பு. அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு எதுவும் இல்லை என்பது எல்லாரையும்விட உனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தால் எழுத்து கோணலாகப் போகும். பொறுத்துக்கொண்டு படி. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே முதலிலிருந்து எழுதுகிறேன். தெரிந்ததையெல்லாம் நீ மறந்துவிட்டது போல நடந்துகொள்கிறாய், அதனால்தான். வேறு யார் கையில் இது கிடைத்தாலும் எனக்கு வெட்கமில்லை. ஊர் முழுக்கப் படிக்கட்டும்.

சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு இருந்தது. யான் ஊரில் இருக்கிற உன் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது அறுவடை முடிந்த நேரமாக அமைந்துவிட்டால் தீர்ந்தது. வயல்காரர்கள் மிச்ச வைக்கோலுக்குத் தீ வைத்துவிடுவார்கள். ஜெராய் மலையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை. ஒரு தடவை உனக்கு உதடு நீலமாகிவிட்டது. கிளினிக்கில் முகமூடி வைத்து மருந்து கொடுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. திரும்பி வரும்போது வண்டியில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா சும்மா எரிக்கிறாங்க? அத வச்சு சோறாவது ஆக்கலாம்ல?" என்று கேட்டாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சுகிற வெறுங்குலையை ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் மரத்தடியில் கொட்டுவதுதான் அவர் வேலை. கொட்டி முடிக்காத காலத்தில் அது ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, மழையில் ஊறி நாறும். அந்த நாற்றம் அவர் சட்டையிலேயே வீட்டுக்கு வரும். "அப்பா, வெளியவே குளிச்சிட்டு வாங்க" என்று நீ வாசலில் நின்று கையை நீட்டித் தடுப்பாய். அந்தப் புகைக்கும் இந்தக் குவியலுக்கும் ஏதாவது ஒரு வழி செய்ய வேண்டும் என்றுதான் நீ படித்தாய். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நீ யாராக இருந்தாய் என்பதை உனக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

படித்து முடித்ததும் கூலிமில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாய். செம்பனைக் கொட்டையின் ஓட்டைக் கரியாக்கி, அரைத்து, வெறுங்குலை நாரோடு கலந்து இயந்திரத்தில் அழுத்திக் கட்டிகளாகச் செய்கிறார்கள். முதல் மூட்டையை என் அப்பக் கடைக்குத்தான் கொண்டுவந்தாய். அன்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் நான் வழக்கம்போல அடுப்பு நிறையக் கரியைப் போட்டேன். முதல் அப்பம் அடியில் கருகி, நடுவில் பச்சை மாவாகவே நின்றது. இரண்டாவதும் அப்படியே. வரிசையில் நின்ற மலாய்க்கார அம்மா, "காக், ஹாங்குஸ் லா!" என்று சிரித்துக்கொண்டே, கருகுகிறது என்று மூக்கைப் பொத்திக் காட்டினார். நீ ஓடிவந்து இடுக்கியால் பாதிக் கரியை வெளியே எடுத்துப் போட்டாய். "அம்மா, இது நீங்க வாங்குற கட்டைக் கரி மாதிரி இல்ல. பாதி போட்டாலே போதும். லேசுல சூடு அடங்காது" என்றாய். அதன்படியே செய்தேன். புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை, கடை முடியும்வரை ஒரே சூடு. அன்றிலிருந்து இன்றுவரை என் கடையில் உன் கரிதான். வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "என் மகன் செஞ்சது" என்று நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும்.

பிறகு ஒரு நாள் சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறினாய். "கழிவுன்னு ஒண்ணு கெடையாதுங்க. ஒரு பொருளோட உபயோகம் நமக்குத் தெரியலன்னா அதுக்குக் கழிவுன்னு பேரு வச்சு ஓரமா தள்ளிர்றோம்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வெறுங்குலையைக்கூட ஓரமாகத் தள்ளக்கூடாது என்று பேசிய வாய், ஒரு மனுஷியை ஊரே சேர்ந்து ஓரமாகத் தள்ளும்போது எப்படி மூடிக்கொண்டது? இதைத்தான் நான் தினமும் மாவு கரைக்கும்போது யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க மாவில் உப்புக் கூடிவிடுகிறது.

இனி தீமிதிக்கு வருகிறேன். நம் கோயில் பூக்குழிக்கு எப்போதும் பால்மரக் கட்டைதான். சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் கட்டைக்குப் பஞ்சமில்லை. இப்போது எங்கே திரும்பினாலும் செம்பனை. மிச்சமிருக்கிற பால்மரத்தையும் மேசை நாற்காலி செய்கிறவர்கள் வெட்டிய இடத்திலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த வருஷம் கோயிலுக்கு வந்த கட்டை குழியின் அடிக்குத்தான் காணும். இது உனக்குத் தெரியாது. கோயில் தலைவர் உன்னிடம் கேட்டது அன்னதானத்துக்கு. கொப்பரையில் சோறும் சாம்பாரும் ஆக்க, கேஸுக்குப் பதிலாக உன் கரி. உன் கம்பெனியும் சரி என்றது. லாரியில் மூட்டை வந்தது, கூடவே பேனர் வந்தது, உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முதல் வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டேன். அன்னதானச் சோறு பொலபொலவென்று வந்தது, புகையில்லாமல் சமைத்த பெண்கள் உன்னை வாயார வாழ்த்தினார்கள். அதுவரை யார்மேலும் தப்பில்லை.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், கொப்பரைக்கு அடியில் உன் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்ததைத் தலைவர் பார்த்த இடத்தில். கட்டை பத்தவில்லை என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவர், மிச்சமிருந்த மூட்டைகளையெல்லாம் தூக்கிவரச் சொல்லிக் குழியில் கொட்டினார். குழியைக் கவனிக்கிற பூசாரி, "தலைவரே, பழக்கமில்லாதது, வேணாமே" என்றார். தலைவர் சொன்ன பதிலை நான் அன்னதானக் கூடாரத்திலிருந்து என் காதால் கேட்டேன். "கட்டை எரிஞ்சாலும் கரிதான், இதுவும் கரிதான். என்னா வித்தியாசம் லா? பாருங்க பூசாரி, சாம்பலே இல்ல, என்னமா செவந்து நிக்குது! வீடியோல சும்மா பிச்சிக்கும்." நீ அதற்குள் கூலிமுக்குத் திரும்பிவிட்டாய். கையில் சாம்பார்க் கரண்டியோடு நின்ற எனக்கு, என் அப்பம் கருகியது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாய். இதை நான் இன்றும் நம்புகிறேன்.

சரசுவை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட வேலையிலிருந்து நான் வர நேரமானால் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவள். கூலிமில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அவள் மகள் தேவிக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த மருந்தையும் விடவில்லை, அம்மனிடம் வேண்டிக்கொண்டதையும் விடவில்லை. தேவிக்கு வலிப்பு நின்றது. அதிலிருந்து வருஷம் தவறாமல் சரசு விரதமிருந்து பூக்குழி இறங்குகிறாள். இந்த வருஷம் பெண்களை முதலில் விட்டார்கள். சரசுதான் முதல் ஆள்.

நான் குழியின் அந்தப் பக்கத்தில், பால் ஊற்றி வைத்திருக்கிற சின்னக் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் எப்போதும் நடந்துதான் வருவாள், ஓடமாட்டாள். பாதி வந்ததுமே அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஓடவில்லை. பால்குழியில் கால் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கிவிடக் குனிந்தேன். உள்ளங்காலில் தோல் கழன்றிருந்தது, உன் கரியின் துண்டு ஒன்று சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏன்கா இப்படி? ஏன்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் இறங்கிய பெண்களும் ஆண்களும் துள்ளிக் குதித்து ஓடினார்கள். பாதிப் பேருக்குக் கொப்பளம். தீமிதியை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

நிறுத்தியதும் எல்லாரும் என்ன கேட்டிருக்க வேண்டும்? குழியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஒருத்தரும் கேட்கவில்லை. முதலில் இறங்கியது யார் என்று கேட்டார்கள். அங்கேயே முடிந்தது. அவள் வீட்டுக்குத் தூரமாக இருந்ததை மறைத்துவிட்டு இறங்கினாள், அதனால் தீயே கெட்டுப்போனது, பின்னால் வந்தவர்களையும் சுட்டுவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். விடிவதற்குள் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆம்பிளைக்குக் கால் சுட்டால் அம்மன் சோதிக்கிறாளாம். பொம்பளைக்குச் சுட்டால் அவள் உடம்பில் குற்றமாம். நன்றாக இருக்கிறது நியாயம்! சரசுவின் உடம்பைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். அதைச் சொன்னால் அவளுக்குத் தூரம் வருகிற பேச்சே இல்லை என்று தெரிந்து இவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? தன் வயிற்றில் எதை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கோயில் கமிட்டிக்கு அவள் எதற்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும்? நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

மறுநாள் காலையில் உனக்குப் போன் செய்தேன். குழியில் உன் கரியைக் கொட்டினார்கள் என்றதும் நீ பதறிப்போனாய். "ஐயோ, அதையா கொட்டுனாங்க? அம்மா, பால்மரக் கட்டை லேசு. எரிஞ்சா மேல சாம்பல் மூடிக்கும், கால் பட்டா உடனே சூடு ஏறாது. அதனாலதான் நடக்க முடியுது. நாங்க செய்றது மெஷின்ல அழுத்துனது, கல்லு மாதிரி கெட்டி. சூட்ட அப்படியே உள்ள வச்சிருக்கும், கால் பட்ட உடனே எறக்கிரும். அதுல யாரும் கால் வைக்கக் கூடாதும்மா!" இப்படி நீ சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரசு கேட்ட அந்த ‘ஏன்கா’வுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். உடனே வா, வந்து இதை அப்படியே சொல் என்றேன். அதற்கு நீ வேறு குரலில் பேசினாய். "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க டைரக்டர் கரி விக்கிறதப் பத்தி ஜப்பான்காரங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. இந்த நேரத்துல கால் சுட்ட கம்பெனின்னு பேர் வந்துச்சுன்னா எல்லாம் போச்சு. கொஞ்ச நாள் பொறுங்க, ஊரு மறந்துரும்." முதலில் பேசியவன் என் மகன். இரண்டாவதாகப் பேசியது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் மறக்கும் என்றாயே, சரசு எப்படி மறப்பாள்? காலை ஊன்ற முடியவில்லை. ஃபேக்டரியில் கட்டாயம் போட வேண்டிய பாதுகாப்புக் காலணியைப் போட முடியாததால் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியவில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு போகிறார்கள். கோயிலில் மாலை கட்டுகிற பெண்கள் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், அதுவும் நேரில் சொல்லாமல் போனில். உன் கவிதா, நாளைக்கு இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள், கிளினிக்கில் வேலை முடிந்து வந்து இரண்டு மூன்று தடவை சரசுவின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். "அத்தை, எப்பவும் நடக்கிறவங்கதானே, இந்தத் தடவை மட்டும் ஏன் இவ்வளவு ஆழமா வெந்திருக்கு?" என்று என்னைக் கேட்டாள். உனக்குப் புருஷனாக வரப்போகிறவனைக் கேள் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளிடம் நீயே சொல். மறைத்துக்கொண்டு தாலி கட்டாதே.

உனக்காகக் காத்திருக்காமல் நானே கமிட்டிக்குப் போனேன். தலைவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குழியில் கொட்டிய கரிதான் சுட்டது என்றேன். கோபப்படவில்லை மனிதர், சிரித்தார். "அக்கா, உங்களுக்கு அப்பம் சுடத் தெரியும். கரியப் பத்தி உங்க மகன் வந்து சொல்லட்டும், கேட்டுக்கிறோம். அவருதானே இஞ்சினியரு? அவரு ஒண்ணும் சொல்லலியே. சொல்லியிருந்தா நாங்க கேக்க மாட்டமா?" உன் வாயை நீயே மூடிக்கொண்டிருக்கிறாய், அதை அவர் சாட்சியாக வைத்துக்கொண்டிருக்கிறார். "சரசு அம்மன் முன்னால விழுந்து, தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்கா, முடிச்சிக்குவோம். கோயில் பேரு கெடக் கூடாது பாருங்க" என்று சொல்லி வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்.

கோயில் பேரு கெடக் கூடாது. கம்பெனி பேரு கெடக் கூடாது. உன் பேரு கெடக் கூடாது. இத்தனை பேரும் கெடாமல் இருக்க, ஷிப்டுக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்கிற ஒருத்தியின் பேரு மட்டும் தாராளமாகக் கெடலாம், இல்லையா? ஒன்று சொல்கிறேன் கேள். உன் கரியில் எந்தக் குற்றமும் இல்லை. கொதிகலனுக்கும் அடுப்புக்கும் என்று நீ செய்தது, செய்ததைப் போலவே நன்றாகச் சூடு பிடித்தது. அது நல்ல கரி, அதனால்தான் சுட்டது. இதை ஜப்பான்காரனிடம் சொன்னால் அவன் இன்னும் ரெண்டு லாரி கூடுதலாகக் கேட்பானே தவிர ஓடிவிடமாட்டான். அப்படியே அவன் ஓடினாலும் ஓடட்டும். சோறாக்கக் கொடுத்ததை மனுஷன் கால் வைக்கிற இடத்தில் கொட்டினார்கள் என்ற உண்மையைச் சொல்வதற்கு எதற்கு இத்தனை பயம்?

உன் அப்பாவும் இப்போது உன் பக்கம்தான். "விடு, பையன் வேல போச்சுன்னா நீயா சோறு போடுவ?" என்று என்னைக் கேட்டார். போடுவேன் என்றேன். இவர் யார் தெரியுமா உனக்கு? ஆலையில் லாரி பின்னால் உருண்டு ஒரு பங்களாதேஷ் பையனின் கை நசுங்கியபோது, அவன் கவனமில்லாமல் நின்றான் என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு எல்லாரும் இருந்த இடத்தில் எழுந்து, "பிரேக் புடிக்கல, நான் ரெண்டு தடவ சொன்னேன், நீங்க செய்யல" என்று சொன்னவர் உன் அப்பாதான். அதற்குப் பிறகு ஆலையில் அவருக்கு நல்ல லாரியே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுவார், ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்று எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறார். புலம்பினாலும் அந்தப் பையன் கைக்கு மருத்துவம் நடந்தது, ஊருக்குத் திரும்பும்போது நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். வயதானால் மனிதருக்குப் பயம் வரும், அவரை நான் மன்னித்துவிடுகிறேன். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் உனக்கு ஏன் அந்தப் பயம்?

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்வது வழக்கம். பொண்டாட்டியைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள், சம்பாதிப்பதில் மிச்சம் பிடி, மாமியார் வீட்டில் வாயைக் கொடுக்காதே என்றெல்லாம் சொல்லலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். இப்போது எனக்கு அதெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உன் வீட்டில் கவிதாமேல் யாராவது இப்படி ஒரு பழி போட்டால், அது பொய் என்று உனக்குத் தெரிந்திருந்தால், அன்றைக்கும் கொஞ்ச நாள் பொறு, மறந்துவிடுவார்கள் என்று அவளிடம் சொல்வாயா? சொல்லமாட்டாய் என்றால் சரசுவுக்கு மட்டும் ஏன் சொல்கிறாய்? உன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தாதே. அந்தப் பழக்கம் ஒரு நாள் உன் வீட்டுக்குள்ளேயும் வந்துவிடும்.

என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது நேற்று நடந்ததுதான். சரசுவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அக்கா, நான் வெரதம் ஒழுங்காத்தான் இருந்தேன். ஆனா எல்லாரும் சொல்றதப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் என்னமோ தப்பு செஞ்சிட்டேனோ? தேவிக்குத் திரும்ப வலிப்பு வந்துருமோக்கா?" என்றாள். தேவி அங்கேயே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ போனில் சொன்னதையெல்லாம் சரசுவிடம் சொன்னேன். மறைக்கச் சொன்னாயே, நான் மறைக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "தம்பி அப்படிச் சொன்னிச்சுன்னா வந்து சொல்லியிருக்கும்கா. நீங்க என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க" என்றாள். நீ கெட்டவன் என்று அவள் நினைக்கவில்லை. நீ நல்லவன் என்று நம்புவதால்தான், நான் சொல்வது பொய் என்று நினைக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்கமாட்டாளாம். "வாயால கேக்க மாட்டேன்கா. அடுத்த வருஷம் திரும்ப எறங்குறேன். சுடலன்னா ஊருக்குத் தெரியும். சுட்டுச்சுன்னா எனக்குத் தெரியும்" என்றாள். இப்போதே மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் தலைவரைப் பார்க்கிறேன். அடுத்த வருஷ அன்னதானத்துக்கு இன்னும் கூடுதலாக மூட்டை அனுப்புவதாக உன் கம்பெனி சொல்லிவிட்டதாம். கட்டைக்கு அலைய வேண்டியதில்லை, குழிக்கும் அதுவே ஆகும் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். சுத்தமானவர்கள் இறங்கினால் எந்தத் தீயும் சுடாதாம்.

ஆகவே ஐயா, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு வா. நீ சாமி கும்பிட வேண்டாம், பத்திரிகை வைக்க வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அந்த மைக்கை வாங்கி, எனக்குப் போனில் முதல் தடவை சொன்னாயே, அதை அப்படியே சொல். இரண்டாவது தடவை சொன்னதை விட்டுவிடு. அவர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, சரசு நம்பினால் போதும். தேவி காதில் விழுந்தால் போதும்.

வர முடியாது என்றால் அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த தீமிதிக்கு நானும் பேர் கொடுத்துவிட்டேன். சரசுவுக்கு முன்னால் நான் இறங்குகிறேன் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். தூரமெல்லாம் எனக்கு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, என்மேல் என்ன குற்றம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். அதனால் கோயிலுக்கு அனுப்புகிற மூட்டைகளை வேலைக்காரர்களிடம் விடாதே. நீயே கட்டு. ஒவ்வொரு கட்டியாகக் கையில் எடுத்து, இதில் அம்மா கால் வைப்பாள் என்று தெரிந்தே கட்டி அனுப்பு.

அம்மா